மச்சான் பிடித்த கயிறு

மரபறிவு ஆணையத்து அதிகாரி சுதர்சன் மேல் யாருக்கும் கோபமே வராது. அதுதான் அந்த மனிதரிடம் இருந்த பெரிய சிக்கல். ஏறி வந்து சத்தம் போடுகிற ஆளாக இருந்தால் தேக்கம்பாறைச் சனம் ஒரே வார்த்தையில் அனுப்பி வைத்திருக்கும். இவரோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, கொடுத்த கடுங்காப்பியைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்த பிறகுதான் பேச்சை எடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார். அமாவாசைக்குள் பெட்டியை ஒப்படைத்தாக வேண்டும், சட்டமே வந்துவிட்டது, இனி தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

மாதி அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியைச் செய்தவள் அவள்தான். மேட்டுப்பாளையத்தில் கம்ப்யூட்டர் படித்து, கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை பார்த்து, கம்பெனிக்காரர்கள் மூஞ்சியைப் பார்த்தது போதும் என்று மலையேறித் திரும்பி வந்தவள்.

ஊர்ப் பொதுக்கூடத்து மூலையில், கூரை மேலிருக்கும் சோலார் தகட்டிலிருந்து கரண்டை இழுத்துக்கொண்டு, துணிப்பெட்டி அளவில் அது கறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஊரில் அதற்குப் பரண் என்று பெயர். தினைக்காட்டில் பன்றி வராமல் பார்த்துக்கொள்ள மரத்து மேல் கட்டுவார்களே, அந்தப் பரண். இதுவும் காவலுக்குத்தான். மலையின் பேச்சு அத்தனையும் அதற்குள் இருந்தது. எந்தப் பாறையில் எந்த மாசம் தேன் இறங்கும், எந்த வேரை எப்போது தோண்டலாம், எதைத் தொடவே கூடாது, சாவு வீட்டில் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, எல்லாம் அந்தந்த ஆட்களின் சொந்தக் குரலில்.

பூட்டுத்தான் விசேஷம். முதல் தடவை வந்தபோது சுதர்சன் அதைக் கேட்டு அசந்துபோனார். வேரெடுக்கிற குலமான வேர்க் கூட்டத்துப் பேச்சுக்கு யாரிடம் சாவி என்று கேட்டதற்கு, தேன் கூட்டத்துச் சடையனைக் காட்டினார்கள். சடையன் மாதியின் கூடப்பிறந்த அண்ணன். மாதி பிறந்தது தேன் கூட்டத்தில், வாழ்க்கைப்பட்டது வேர்க் கூட்டத்தில். ஒரு கூட்டத்தின் சரக்குக்கு இன்னொரு கூட்டத்துக்காரன் சாவி வைத்திருப்பது என்ன நியாயம் என்றார் அதிகாரி.

சடையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான். "தேனெடுக்கப் பாறையில எறங்கறவனுக்கு ஆரு கயிறு பிடிக்கறதுன்னு நெனைக்கறீங்க? கூடப் பொறந்தவன் பிடிக்கக் கூடாதுங்க. அவனுக்குப் பங்கு நெனப்பு வந்துரும். மச்சான்தான் பிடிக்கோணும். கயிறு வுட்டா அறுந்து போறது தங்கச்சி தாலியாச்சே, எப்பிடி வுடுவான்?"

"பெட்டிக்குள்ள இருக்கறது வெறும் இரைச்சலுங்க சார்" என்று மாதி விளக்கினாள். "எங்கண்ணன் கைய வெச்சு, வாயத் தொறந்து பேசுனாத்தான் அது பேச்சாகும். வேர்க் கூட்டத்துக்காரங்க மொத்தமா வந்து நின்னாலும் அவங்க பேச்ச அவங்களே தொறக்க முடியாது. அதே மாதிரி தேன் கூட்டத்துப் பேச்சுக்கு வேர்க் கூட்டத்து மச்சான் கை வேணும்."

இன்னொன்றும் இருந்தது. தேனெடுத்து முடிந்ததும் மச்சான் கயிற்றை அறுத்துப் பள்ளத்தில் விட்டுவிடுவான். கண்டவன் வந்து அதைப் பிடித்து இறங்கிவிடக் கூடாது பாருங்கள். ஆனால் அவனாக அறுக்க முடியாது. மேலே ஏறி வந்த முகத்தைப் பெண்டாட்டி கண்ணால் பார்த்து, வந்தாச்சு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கத்தி. இதையும் மாதி அப்படியே பெட்டிக்குள் எழுதி வைத்தாள். மச்சான் கையும் பெண்டாட்டி சொல்லும் சேர்ந்தால் சாவி அழிந்துபோகும். உள்ளே இருப்பது அதற்கப்புறம் என்றைக்கும் இரைச்சல்தான், எழுதிய மாதியே வந்தாலும் திறக்காது.

எழுதும்போது அதைச் சொல்ல வேண்டி வரும் என்று அவள் நினைத்தாளா என்ன? அப்போது கெம்பன் இருந்தான்.

கெம்பன் அவள் புருஷன். வேர்க் கூட்டத்தில், வேர் தோண்டப் போகிற வேர்ப்பாதை முழுவதையும் நடந்து தெரிந்தவன், பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவான், எவன் சொன்னாலும் கேட்க மாட்டான். பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் சனம் சோம்பேறி ஆகிவிடும், பெட்டிக்குத் தெரியும் என்று தான் மறந்துவிடும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் அவன் சொன்னபடியே மாதி செய்தாள். பெட்டி ஒரு துண்டு பேசும். கேட்டவர் அதைச் சொன்னது சொன்னபடி திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும் வரைக்கும் அதே துண்டுதான், அடுத்தது வராது. சரியாகச் சொல்லிவிட்டால் அந்தத் துண்டு அந்த ஆளுக்கு மறுபடி ஒலிக்காது. தெரிந்துகொண்டாய் அல்லவா, போய் மனிதர்களிடம் பேசு என்பதுதான் கெம்பன் கட்சி.

வேர்ப்பாதையை அவன் சொன்னது தங்கள் வீட்டுச் சமையலறையில். கவட்டைப் பாறை வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவன், நடுவில் சட்டென்று நிறுத்தி, "ஏ மாதி, காப்பி பொங்குது பாரு" என்றான். அடுப்படியிலிருந்து அவள், "பாத்துக்கிட்டேன் மாமா, நீ பேசு" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று மாதி அண்ணனிடம் கெஞ்சினாள். கயிறு பிடிக்கிறவன் சம்மதிக்காமல் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. சடையனா சம்மதிப்பான்? விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கெடக்கட்டும் போ என்றான்.

பெட்டிக்குப் பாதை எது, காப்பி எது என்று தெரியுமா? அவன் குரலில் வந்தது எல்லாமே அதற்குப் பாடம்தான். அவள் குரலும் ஒலிக்கும், ஆனால் ஒப்பிக்கும்போது அந்த இடத்தை வெற்று இடைவெளியாக விட்டுவிட்டது. வேர்ப்பாதை கற்க வந்த ஒவ்வொருவரும் காப்பியையும் சேர்த்தே ஒப்பித்தார்கள். கெம்பனின் தங்கை பழனாள் அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே சந்தர்ப்பம் கிடைத்ததென்று, தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். மாதி குடத்துத் தண்ணீரை அள்ளி அவள் மேல் ஊற்றுவாள்.

பிறகு ஒரு ஆடி மழையில் மலைச்சாலை சரிந்தது. ரேஷன் வாங்கிக்கொண்டு ஏறி வந்த கெம்பன் அந்தச் சரிவில் போய்விட்டான். ஊரே மண்ணைக் கிளறித் தேடியது. தலைத்துண்டு கிடைத்தது, ஆள் கிடைக்கவேயில்லை. குழாயடியில் அதற்கப்புறம் யாரும் காப்பியைப் பற்றிப் பேசவில்லை.

மாதி வேர்ப்பாதை கற்கப் போகிறேன் என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு பொதுக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். சடையன் கையை வைப்பான், பேசுவான், பெட்டி திறக்கும். கெம்பன் சொல்லிக்கொண்டு வருவான். ஏ மாதி என்பான். அவள் குரல் பதில் சொல்லும். அதோடு துண்டு முடியும். இப்போது அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓடை, அத்திமரம், கவட்டைப் பாறை எல்லாம் சரளமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். பெட்டி சளைக்காமல் மறுபடி முதலிலிருந்து ஒலிக்கும். வேர்க் கூட்டத்தில் எல்லோரும் தேறிவிட்டார்கள், பெட்டியைச் செய்தவள் மட்டும் பாதிப் பாதையிலேயே இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள். தேறிவிட்டால் அவளைக் கூப்பிடும் அந்தக் குரல் நின்றுபோகும் அல்லவா? அண்ணனுக்கு எல்லாம் புரிந்தது. ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பெட்டியைத்தான் அன்றைக்குச் சுதர்சன் கேட்டார். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாளைக்கு இன்னொரு சரிவு வந்தால் ஊரும் போகும் பெட்டியும் போகும், உலகத்துக்கே நஷ்டம், ஆணையத்தின் இயந்திரத்தில் சேர்த்துவிட்டால் அழிவே கிடையாது என்று உண்மையிலேயே நம்பினார். சேர்த்துவிட்டால் கேட்கிற மொழியில், கேட்கிற குரலில் அதுவே பதில் சொல்லுமாம்.

"எங்க கூட்டத்தார் பேச்சு எங்களுக்கு அப்பறம் எதுக்குங்க இருக்கோணும்?" என்றாள் மாதி. "மண்ணு சரிஞ்சா எங்களையும் சேத்துத்தான் சரியும்."

அவர் பையிலிருந்து கைக்கணினியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எப்போதோ ஒரு திருவிழாவில் யாரோ கெம்பனைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்தே இயந்திரம் அவனைக் கட்டியிருந்தது. பெட்டியில் இருப்பதும் கிடைத்தால் முழு ஆளாகவே பேசுவார் அம்மா, நீங்கள் கேட்கலாம், அவர் பதில் சொல்வார் என்று தணிந்த குரலில் சொன்னார்.

திரையில் கெம்பன் சிரித்தான். "மாதி, நல்லா இருக்கியா?" என்று கேட்டான்.

குரல் அவனுடையதேதான். மாதியின் கை தானாகத் திரையை நோக்கிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சடையன் எழுந்து வெளியே போய்விட்டான், அவனால் பார்க்க முடியவில்லை. மாதி கையை இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துருங்க சார். எங்கூட்டுக்காரரு ஒருநாளும் என்னைய நல்லா இருக்கியான்னு கேட்டதில்ல. நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு அவருக்கே தெரியும்."

சுதர்சன் அதை அணைத்தார். முகம் செத்துப்போயிருந்தது, பாவம். அமாவாசைக்கு மறுநாள் போலீசோடு வர வேண்டியிருக்கும் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பக்கத்து மலைக்காரர்கள் போன வருஷமே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் பூட்டும் இல்லை, கயிறும் இல்லை. அடுத்த மழைக்குள் காண்டிராக்டர் ஆட்கள் வழி தெரிந்து ஏறி வந்து, வேரைக் குழிகூட மூடாமல் வாரிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய செத்துப்போன மூப்பன் இப்போது கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பெரிய திரையில் நின்று மூட்டுவலித் தைலம் விற்கிறான். அவன் பெண்டாட்டி பஸ் பிடித்துப் போய், திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காவலாளி விரட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாளாம். மாதிக்கு அந்தப் பெண்பிள்ளையைத் தெரியும். 

ஊர் கூடியது. பேச்சு நீளவில்லை; கொடுத்தால் வெறும் இரைச்சலைத்தான் கொடுப்பது என்று முடிவானது. தேன் கூட்டம், பாட்டுக்காரர் கூட்டம் என்று ஒவ்வொன்றாக அவரவர் கயிற்றை அறுத்தார்கள். பெண்டாட்டிமார் வந்தாச்சு என்றார்கள், மச்சான்மார் கை வைத்தார்கள். சிலர் அழுதார்கள். ஆனாலும் சொன்னவர்களின் புருஷன்மார் பக்கத்திலேயே பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். மிச்சம் இருந்தது வேர்க் கூட்டத்துக் கெம்பன் கயிறு ஒன்றுதான். மாதியிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது.

சடையன் மட்டும் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் மண்ணைக் கீறினான்.

"நீ சொல்லாம நான் அறுக்க மாட்டேன்" என்றான். "குடுத்துரலாம்னு உனக்குத் தோணுச்சுன்னா சொல்லு, குடுத்துருவோம். ஊரு பேசுனா நான் பாத்துக்கறேன். நீ அழுதுட்டுக் கெடக்கறப்ப நான் கயிறு பிடிச்சு என்னத்துக்கு ஆவுது?"

"அவரு வரவே இல்லியே அண்ணா. வந்தாச்சுன்னு எப்பிடிச் சொல்றது?"

சடையன் தங்கை தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

சொன்னபடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஜீப்புகள் வந்தன. சுதர்சனோடு இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும், பெட்டியைத் தூக்க ஆட்களும். பொதுக்கூடத்து வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. யாரும் மறிக்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. இன்ஸ்பெக்டர் உத்தரவைப் படித்தார். படிக்கட்டும் என்று விட்டுவிட்டு மாதி உள்ளே போனாள், அண்ணனும் பின்னால் போனான். சுதர்சன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மாதி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்றாள். சடையன் கையை வைத்தான். கெம்பன் பேசினான். ஓடையைத் தாண்டினான், அத்திமரத்தைச் சொன்னான், கவட்டைப் பாறைக்கு வந்தான். ஏ மாதி, காப்பி பொங்குது பாரு என்றான். அவள் பதிலும் வந்தது. அதோடு நின்றது. இப்போது திருப்பிச் சொன்னால் மிச்சப் பாதியும் அவன் குரலிலேயே கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் அவள் உதடு அசைந்தது. அதற்குள் சுதர்சனின் கைக்கணினி பையிலிருந்து எட்டிப் பார்த்தது கண்ணில் பட்டது. நல்லா இருக்கியா என்று கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. விமான நிலையத்துத் தரை ஞாபகம் வந்தது. கெம்பன் யாருக்கோ தைலம் விற்கிறதைப் பார்க்க இவளும் பஸ் ஏறுவாள், ஏறாமல் இருக்கமாட்டாள்.

"அம்மா, வேண்டாம்" என்றார் சுதர்சன். அவருக்கு என்ன நடக்கப் போகிறதென்று புரிந்துவிட்டது.

"வந்தாச்சு" என்றாள் மாதி. குரல் பிசிறியது. பெட்டி ஏற்கவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னாள். "வந்தாச்சு. அறு."

சடையன் அழுத்தினான். பெட்டி எந்தச் சத்தமும் போடவில்லை. மேலே இருந்த சின்னப் பச்சை விளக்கு மட்டும் அணைந்தது. மாதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சடையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தேம்பினான்.

"இப்ப எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் மாதி.

சுதர்சனுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. உங்கள் முன்னோர் சேர்த்து வைத்ததை நீங்களே அழித்துவிட்டீர்களே, இது பாவம் இல்லையா என்றார். கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அழிஞ்சது எங்கூட்டுக்காரரு குரலு. அது என்னுதுங்க, எனக்குத்தான் நட்டம். பாதை அழியல. இந்த வாசல்ல உக்காந்திருக்கறவங்க வாயில இருக்குது. உங்களுக்கு வேணும்னா வாங்க, ஆரு வேணாம்னாங்க? உக்காந்து கேளுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, நீங்களும் திருப்பிச் சொல்லோணும். கருவியக் கொண்டு வந்து நீட்டாதீங்க, ஆளா வாங்க."

அவர் வாசலைப் பார்த்தார். வேர்க் கூட்டத்து ஆட்கள் அவரை நேருக்கு நேராகப் பார்த்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல கனம்போல, மூச்சுவாங்கினார்கள். வழக்கு வரும் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார், வரட்டும் என்றான் சடையன். அந்த மூலையில் பிறகு யாரோ தினை மூட்டையை அடுக்கினார்கள்.

ஐப்பசி மழை விட்டதும் வேர்க் கூட்டம் பாதைக்குக் கிளம்பியது. இந்தத் தடவை மாதியும் வருகிறேன் என்றாள்.  பழனாள் முன்னால் நடந்தாள். சொல்லிக்கொண்டே நடப்பதுதான் முறை. "மொத ஓட தாண்டு. தண்ணி சத்தம் வலக்கைப் பக்கமே இருக்கோணும். அத்திமரத்துல கல்லு எறியாத" என்று சொல்லிக்கொண்டு போனாள். குரல் அவளுடையது. நிறுத்துகிற இடம், மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் கெம்பனுடையது. மாதிக்கு நடை தளர்ந்தது. அவள் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் மெதுவாக நடந்தார்கள்.

கவட்டைப் பாறை வந்தது. பழனாள் நின்றாள். பின்னால் வந்த எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள், சொல்லி வைத்த மாதிரி. பழனாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏ மாதி, காப்பி பொங்குது பாரு" என்றாள்.

அந்தக் காட்டில் அடுப்பும் இல்லை, காப்பியும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பேசாமல் காத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் மாதிக்கு விளங்கியது. பெட்டி விட்ட இடைவெளியையும் இவர்கள் பாடம் என்றே படித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடந்த இரண்டு வருஷமும், வேருக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பாறையில் அவள் பதில் சொல்கிற நேரம் அளவுக்கு நின்றுவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறார்கள். நிற்காமல் போனால் வேர் கிடைக்காது என்றுகூட நம்பினார்களாம். பாறையடியில் அடுப்பு மாதிரி மூன்று கல் கூட்டி, ஒரு சிரட்டையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மாதிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கெம்பன் இதைப் பார்த்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பான் என்று நினைத்தாள். 

"பாத்துக்கிட்டேன் மாமா" என்றாள். "நீ பேசு."

முன்னால் பழனாளின் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு அவள் அண்ணன் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"செரி. இனிச் செருப்பக் கழட்டிரு. மண்ணு குளுந்து இருக்கற பக்கமாவே வா."

மாதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அதற்கு மேலே உள்ள பாதையை அவள் காது கொடுத்துக் கேட்டதேயில்லை. கேட்டுக்கொண்டே ஏறினாள்.